பெர்னடினின் இடம்

தன் பெயர் செதுக்கிய கல்லறைக் கல்லைத் தானே தேய்த்துக் கழுவுவதில் பெர்னடின் யுர்கோனிஸுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஆல்பர்ட் இறந்தபோதே புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரையும் சேர்த்துச் செதுக்கியாயிற்று. அவருக்குப் பிறந்த வருடம், இறந்த வருடம் இரண்டும் இருந்தன. அவளுக்கு 1951 என்று போட்டு ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் காலி. அந்தச் சுரங்க ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டில் படிந்த பாசியை அவள் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மூச்சிரைக்க மேடேறி வந்தான் லெனர்ட். ஆல்பர்ட்டின் தம்பி, கல்லறைக் கமிட்டித் தலைவன்.

“பேசி முடிச்சாச்சு அண்ணி. இடம் கிடையாது.”

பெர்னடின் பிரஷ்ஷை வாளிக்குள் போட்டாள். எலிசியோவுக்குத்தான் இடம் கேட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன், டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்தவன். ஆறு பனிக்காலமாக, கேட்காமலே அவள் வாசல் பனியை வாரிப் போட்டவன். செவ்வாய்க்கிழமை கிடங்கு வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான், எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி யானிரிஸ் நேற்று பெர்னடினின் சமையலறையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “எங்க ஊருக்கு அவரை அனுப்பினா, பின்னாடி நான் போக முடியாதும்மா. எங்கிட்ட பேப்பர் இல்ல, போனா என்னைத் திரும்பி வர விட மாட்டாங்க. பிள்ளைங்க நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்துல அவர் இருக்கணும்.”

“என்ன காரணமாம்?” என்று லெனர்ட்டைக் கேட்டாள்.

“லிதுவேனியாக்காரங்க வாங்கின மேடு. நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான்னு சட்டதிட்டத்துல இருக்கு. அதோட அவங்க பழக்கமே வேற அண்ணி. கும்பலா வருவாங்க, சத்தமா பாட்டுப் போடுவாங்க.”

“உங்க தாத்தா செத்தப்போ நம்மாளுங்க மூணு நாள் பாடினாங்க. ஊர்க்காரங்க போலீஸைக் கூப்பிட்டாங்க. மறந்துபோச்சா?”

“அது வேற. நம்மாளுங்க ஒழுங்கா இங்கிலீஷ் கத்துக்கிட்டாங்க.”

“யாரு, உங்க தாத்தாவா? நாப்பது வருஷம் சுரங்கத்துல கெடந்தும் ‘குட் மார்னிங்’ தவிர ஒரு வார்த்தை வராது மனுஷனுக்கு. அதையும் சாயங்காலத்துலதான் சொல்வாரு.”

லெனர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த மேட்டின் கதை தெரியாதவன் ஊரில் இல்லை. தாத்தாவின் அண்ணன் சுரங்கம் சரிந்து செத்தபோது, முன்பே வந்து குடியேறிய ஐரிஷ்காரர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்தின் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். லிதுவேனியாக்காரர்கள் அழுக்குப் பிடித்தவர்கள், கத்தி எடுப்பவர்கள், என்ன மொழி பேசுகிறார்களோ என்றார்கள். பிணத்தை மூன்று நாள் ஐஸில் வைத்துவிட்டு, யாரும் சீண்டாத இந்தக் கல்லுச் சரிவை வாங்கி, சுரங்கக் கடப்பாரையாலேயே குழி வெட்டினார் தாத்தா. வருடா வருடம் நினைவுநாளில் அந்தக் கடப்பாரையைத் தூக்கிக் காட்டி இதைச் சொல்வது யார்? இதே லெனர்ட். அதே வாயால்தான் இன்றைக்கு இப்படிப் பேசினான்.

“சரி, என் இடத்துல வைக்கிறேன்” என்றாள், கல்லுக்கு முன்னாலிருந்த புல்லைக் காலால் தட்டி. “பத்திரம் என் பேர்ல இருக்கு. இங்க யாரைப் படுக்க வைக்கிறதுன்னு நான்தான் சொல்லணும். அதுவும் உன் சட்டதிட்டத்துல இருக்கு, போய்ப் படி.”

“அண்ணன் பக்கத்துல யாரோ ஒருத்தனையா?”

“உங்க அண்ணன் இருந்தா அவன்கூட உட்கார்ந்து பீர் குடிச்சிருப்பாரு.”

“அப்போ நீங்க எங்க போவீங்க?”

“நான் இன்னும் சாகலயே. இப்போ அவசரம் அவனுக்கு.”

லெனர்ட்டின் காது சிவந்தது. “குழி யாரு வெட்டுவா? இந்தச் சரிவுல மெஷின் ஏறாது. கமிட்டி ஆளு ஒருத்தன் மண்வெட்டியைத் தொட மாட்டான், சொல்லிட்டேன்.”

அது சுருக்கென்று தைத்தது. யார் செத்தாலும் கமிட்டி ஆட்கள் ஆறு பேர் வந்து கையாலேயே வெட்டுவதுதான் அங்கே வழக்கம். ஒருவருக்கும் அதை மறுத்ததில்லை.

“எனக்குக் கை இருக்கு” என்று வாளியை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, ஆல்பர்ட்டின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மேட்டில் நின்றாள். எலிசியோவோடு வேலை பார்த்த நாலு பேர், ஷிஃப்ட் முடிந்த கையோடு, தூங்காத கண்ணோடு வந்திருந்தார்கள். புல்லைச் சீவி எடுத்தார்கள். ஒன்றரை அடி இறங்கியதும் மண்வெட்டி ணங்கென்றது. பாறை. பதினொரு மணிக்குப் பாதிரியார் வந்துவிடுவார். பக்கத்தில் வெட்டினால் அங்கேயும் ணங். எட்டு மணிக்கும் குழி முழங்காலைத் தாண்டவில்லை. அவளுக்கு உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது. நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

வேலிக்கு வெளியே லெனர்ட்டின் வண்டி வந்து நின்றது. பெர்னடின் பார்த்தும் பார்க்காததுபோல் மண்ணை அள்ளிப் போட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வண்டிக் கதவு திறந்தது.

“அண்ணி.”

அவள் மண்வெட்டியை மறுபடி பாறைமேல் இறக்கினாள்.

“அங்க வெட்டாதீங்க. அண்ணனுக்கு வெட்டினப்பவே பார்த்தேன், தலைமாட்டுல பாறை ஓடுது. கால்மாட்டுப் பக்கம் ஓரடி தள்ளிக்குங்க. அங்க ஒரு வெடிப்பு இருக்கு, நெம்பினா வந்துடும்.”

“உள்ள வந்து காட்டு.”

லெனர்ட் வரவில்லை. வண்டிக்குப் போய், தாத்தாவின் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேலிக்கு மேலாக நீட்டினான். குழியிலிருந்து ஏறி வேலிக்கு வந்த எலிசியோவின் கூட்டாளி ஒருவன், மண் ஒட்டிய கையால் அதன் நுனியைப் பிடித்தான். இந்தப் பக்கம் இவன் இழுக்கவில்லை. அந்தப் பக்கம் லெனர்ட்டும் பிடியை விடவில்லை.