நான் குனிந்திருந்தபோது

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் காலிக் கட்டத்திலிருந்து தொடங்கியது. படிவம் இப்போது இந்தத் தாளுக்கு அடியில் இருக்கிறது. நாளைக் காலை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதற்குள் இன்னொரு முறை தீவுக்குப் போக முடியாது.

முதல் தொடக்கம்: 'அந்தத் தீவின் மழைக்காடு ஒரு பச்சைக் கடலாக—'

வேண்டாம். கடல் ஏற்கெனவே இருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் படகோட்டி அக்காவும் நானும் தீவில் இறங்கினோம். பறவைக் கணக்கெடுப்பு என் வேலை. வழி காட்டுவது அவருடையது. பகல் முழுக்க நடந்தோம். ஓர் உடும்பு, இரண்டு மலை அணில்கள், என் காலில் பதினோரு அட்டைகள். (அட்டைகளுக்குப் படிவத்தில் இடமில்லை.)

2

மாலை நான்கு மணி. பெரிய மரம், உயரத்தில் ஒரு பொந்து. இருவாச்சிப் பெண்பறவை முட்டையிடப் பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். ஆண் பழம் கொண்டுவந்து அடைப்பில் விட்ட சிறு பிளவு வழியே ஊட்டும். ஊட்டுவதை இருவர் கண்ணால் பார்த்துப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் அது கூடு. கூடு என்றால், வரப்போகும் சாலை விலகிப் போகும். இல்லையென்றால் மரம் போகும்.

தலைக்கு மேல் கனத்த சிறகோசை. நான் பன்னிரண்டாவது அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியாம்மா? பழத்தக் குடுத்துட்டுப் பறந்துடுச்சு!"

தலையாட்டினேன். கூச்சம் வந்தால் என் தலை தானாக ஆடும்.

[இந்தப் பாத்திரத்தை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம்.]

கடல் உள்வாங்கினால் படகு தரைதட்டும். கிளம்பிவிட்டோம்.

3

பாதிக் கடலில் சொன்னேன்.

"அக்கா, நான் பாக்கல."

அவர் எஞ்சினை நிறுத்தினார். "தலையாட்டினியே?"

"குனிஞ்சிருந்தேன்."

"நல்லா இருக்கு போ! ஆட்டுக்குட்டி சைஸ்ல ஒரு பறவை தலைக்கு மேல போகுது, இவ அட்டைகிட்ட நலம் விசாரிச்சுக்கிட்டு நிக்கிறா!"

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"நான் பாத்தேன்ல? என் கண்ண நம்ப மாட்டியா? போடு கையெழுத்த."

4

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறேன். மரம் நிற்கிறது. அடுத்த படிவத்தை நிரப்பும்போது என் கை—

முடிவு இரண்டு: நேர்மையாக இருக்கிறேன். பொந்துக்குள் அடைபட்டவளுக்கு என் நேர்மையால்—

முடிவு மூன்று: கதையிலாவது நிமிர்ந்து பார்க்கிறேன். ஒரே வாக்கியம் போதும்; கதைக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். இங்கும் குனிந்தே நிற்கிறேன்.

நிமிர்ந்தபோது கண்டதை மட்டும் சொல்கிறேன். பொந்தருகே ஒரு கொடி ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. மேலிருந்து ஒரு பழத்தோல் என் காலணிமேல் விழுந்தது. ஈரமாக இருந்தது.

அவ்வளவுதான்.

உங்களுக்கு அது போதுமா? படிவத்தை எடுத்து மேலே வைத்திருக்கிறேன். பேனா திறந்தே இருக்கிறது.