மிளகாய் வராத காலத்துக் கறி

யசோதினிக்குக் கோபம் வந்தால் முதலில் அடுப்பை அணைப்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள். அன்றைக்கு மூன்று அடுப்பையும் அணைத்துவிட்டாள்.

காரணம், எதிரே உட்கார்ந்திருந்த தாரிணி. சென்னைப் பெண், லண்டனில் தேம்ஸ் கரையில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வேலை. அறுநூறு வருடத்துக்கு முந்திய கடல் வணிகத்தைப் பற்றி அங்கே கண்காட்சி திறக்கப்போகிறார்கள். திறப்பு நாளில் எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு. அந்தக் காலத்தில் தமிழ் வணிகர்கள் துறைமுகங்களில் என்ன சாப்பிட்டிருப்பார்களோ அதைச் சமைத்துத் தர வேண்டும். விசாரித்த இடமெல்லாம், விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிற கிங்ஸ்பரி யசோதினியின் பேரைத்தான் சொன்னார்களாம். இதுவரைக்கும் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. பிறகு தாரிணி ஒரு தாளை நீட்டினாள். சேர்க்கக் கூடாத பொருட்கள்: தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, மரவள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் மிளகாய்.

“மிளகாய் இல்லாமலோ?”

“ஆமா அக்கா. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர்கள் வந்த பிறகுதான் நம்ம பக்கம் வந்தது. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க யாரும் அதைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல.”

“அப்ப எங்கட சனம் என்னத்தைத் திண்டு கப்பலோட்டினது?”

“அதை நீங்க சொல்லுவீங்கன்னுதான் வந்திருக்கேன்.”

யசோதினியின் பேர் என்பது உண்மையில் அவள் வறுத்து இடிக்கும் தூளின் பேர். காய்ந்த செத்தல் மிளகாயைக் கருகவிடாமல் அவள் வறுக்கிற பக்குவத்துக்கு லண்டனில் ஆளில்லை. கல்யாண வீடு, பிறந்தநாள், இறந்தவருக்கான அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் அந்தத் தூள்தான். அவளுடைய அக்காவின் கணவர் கல்யாணசுந்தரம் அதில் ஒரு சின்னப் போத்தலைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பார். வேலையிடத்துக் கிறிஸ்மஸ் விருந்தில் வான்கோழிக்கு மேலே தூவிச் சாப்பிட்ட மனிதர். ஆனால் அவருக்கு வாய் சும்மா இராது. “யசோ, உம்மட தூளை எடுத்துப்போட்டா உம்மட சமையலில என்ன மிச்சம்?” என்று நாலு பேர் நடுவில் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். யசோதினியும் சிரிப்பாள். வீட்டுக்குப் போனபின் அந்தக் கேள்வி கிடந்து குடையும். என்ன மிச்சம் என்று அவளுக்கே தெரியாது.

அதனால்தான், ஏலாது என்று சொல்ல வேண்டியவள், “செய்யிறன்” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு வாரம் படாத பாடு பட்டாள். மிளகை அரைத்து மீனில் போட்டாள், தேங்காய்ப்பாலில் கரைத்தாள், புளியைக் கூட்டினாள், குறைத்தாள். ஒன்றும் சரிவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கல்யாணசுந்தரம் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆருக்கும் காய்ச்சலோ?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே போத்தலைத் திறந்தார். யசோதினி அந்தச் சட்டியை அவர் கண்முன்னாலேயே கழுவி வைத்தாள்.

அடுத்த நாள் தென் லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு போன். பழைய வாடிக்கையாளரின் மகள் கௌசிக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. “அன்ரி, உங்கட சரக்குக் கறி கிடைக்குமோ?” என்றாள் கௌசி, களைத்த குரலில்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியக் கறி அது. இருபது வருடமாக, கேட்டவர்களுக்கெல்லாம் யசோதினி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு விலை சொன்னதில்லை. சமையல் என்றே அதை நினைத்ததில்லை. கை தன்பாட்டில் செய்யும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்புச் சுக்கு, நிறைய உள்ளிப்பூண்டு. எல்லாவற்றையும் பட்டுப்போல அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கி...

அவள் கை நின்றது. அரைத்து வைத்த மஞ்சள் விழுதைப் பார்த்தாள். தாரிணியின் தாளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதில் இருந்த எதுவும் இதில் இல்லை. பச்சை உடம்புக்கு ஆகாது என்று மிளகாயைத் தள்ளிவைத்த பெண்கள், தங்களுக்கே தெரியாமல், பழைய கறியைப் பிள்ளை பெற்ற அறைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. நின்ற நிலையில் நெஞ்சு நிமிர்ந்தது அவளுக்கு.

ஆனால் யாருக்கும் சொல்லவில்லை. அருங்காட்சியகத்துப் பெரிய மனிதர்களுக்குப் பிள்ளைப்பெற்ற வீட்டுக் கறியைப் பரிமாறினாள் என்று தெரிந்தால் கல்யாணசுந்தரம் ஆயுளுக்கும் விடமாட்டார். தாரிணி ருசி பார்க்க வந்தபோது “மிளகுக் கறி” என்று மட்டும் சொன்னாள். தாரிணி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

“செய்முறை எழுதின ஓலை எதுவும் நமக்குக் கிடைக்கல அக்கா. ஆனா இதுல இருக்கிற ஒவ்வொண்ணும் அப்போ கப்பல்ல ஏறின சாமான்” என்றவள், சாப்பாட்டு மேசைக்கான அட்டையில் ‘வணிகர் கறி’ என்று அச்சடிக்கக் கொடுத்தாள்.

திறப்பு நாள் காலை. அருங்காட்சியகச் சமையலறைக்குப் போகிற வழியில் சுவர் நிறைய ஒரு கல்லின் படம். இலங்கையின் காலி நகரத்தில் கிடைத்த கல். சீனத்துக் கடற்படைத் தலைவர் கொண்டுவந்து நாட்டியது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. புத்தருக்கும், தென்கோடித் தென்னாவரத்துப் பெருமாளுக்கும், அல்லாவுக்கும் தனித்தனியே காணிக்கைப் பட்டியல், ஏறக்குறைய ஒரே அளவு. சீனத்திலிருந்து வந்தவன் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான் என்றால், அந்தக் கடலில் தமிழ் தெரியாமல் யாவாரம் நடக்காது என்றுதானே பொருள். யசோதினி பானையைத் தூக்கிக்கொண்டே படத்துக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு பானை சரக்குக் கறி. ஐம்பது பேருக்கு மீன், முப்பது பேருக்கு வாழைக்காயும் முருங்கைக்காயும். உதவிக்குப் பெனிற்றா, பத்து வருடமாக யசோதினியோடு நிற்கிறவள், அவளுக்காக யாரோடும் சண்டைக்குப் போகக்கூடியவள். வான் வண்டி ஓட்டக் கல்யாணசுந்தரம். வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, போத்தலை மறக்காமல் மேசையில் எடுத்து வைத்தார்.

பத்து மணிக்கு யசோதினி மேசைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிக்குகள் மதியத்துக்குப் பிறகு சாப்பிடமாட்டார்கள் என்பதால் பதினொரு மணிக்கே சாப்பாடு. மீன் பானையின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மேலே எண்ணெய் சிவப்பாக மிதந்தது.

“ஆர் போட்டது?”

பெனிற்றாவின் முகம் வெளிறியது. “அக்கா, நான் நக்கிப் பார்த்தனான். உறைப்பே இல்லை. இவ்வளவு பெரிய இடத்தில உங்கட பேர் கெட்டுப்போகுமெண்டு... ரெண்டு கரண்டிதான் போட்டனான்.” போத்தல் பாதி காலியாக இருந்தது.

பானையைக் கடந்து போகிற யாழ்ப்பாணக் கை எதுவும் சும்மா போகாது. ருசி பார்க்கும், உறைப்புக் காணாது, காரம் போதாது என்று நினைக்கும், அள்ளிப் போடும். அது அன்பினால் செய்கிற அநியாயம். யசோதினி அடுப்பை அணைத்தாள்.

“விடும் யசோ” என்றார் கல்யாணசுந்தரம். “வந்திருக்கிறவைக்கு என்ன தெரியப்போகுது? உண்மையச் சொன்னா, இப்பதான் வாசமே வருது.”

“அதுதான் அத்தான். இந்தப் பானை போனா, நல்லாயிருக்கெண்டு ஆர் சொன்னாலும் அது தூளுக்குச் சொன்னது. என்ர கைக்கு இல்லை. இது போகாது.”

“ஐம்பது பேருக்கு அப்ப என்ன குடுப்பீர்?”

யசோதினி மற்றப் பானையைப் பார்த்தாள். “எல்லாருக்கும் இதுதான். முஸ்லிம், யூதர், பிக்கு, சைவக்காரர், எல்லாரும் தின்னக்கூடிய பானை இது ஒண்டுதான். வழியில சந்தியில ஒரு சூப்பர்மார்க்கெட் இருந்தது. இருக்கிற கத்தரிக்காய் முழுக்க வாங்கிக்கொண்டு வாங்கோ. ஓடுங்கோ.”

தன்னுடைய போத்தல் செய்த வேலை என்பதாலோ என்னவோ, கல்யாணசுந்தரம் எதிர்க்கதை பேசாமல் ஓடினார். பெனிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளி உரித்தாள். வைத்திருந்த மிச்சச் சரக்கையெல்லாம் யசோதினி அரைத்தாள். கத்தரிக்காய் வந்தது, ஒரு ஆளின் தலை அளவு, ஆங்கிலேயக் கத்தரிக்காய். அவள் அதைப் பார்த்து முகம் சுளித்தாளே தவிர, கத்தி நிற்கவில்லை. பதினொன்று பத்துக்குக் கறி இறங்கியது. பத்து நிமிடத் தாமதத்துக்குத் தாரிணி அந்தக் கல்லைப் பற்றி நீட்டிப் பேசிச் சமாளித்தாள்.

யசோதினி சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் பேச்சுச் சத்தம். பிறகு பேச்சு குறைந்தது. ஒரு காவியுடைப் பிக்குவும் தொப்பி போட்ட பெரியவர் ஒருவரும் ஒரே கிண்ணத்திலிருந்து மாறிமாறி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தாரிணி ஓடி வந்தாள். “அக்கா, எங்க டைரக்டர் உங்களைக் கூப்பிடறாங்க. இது என்ன கறின்னு கேக்கறாங்க.”

எண்பது முகங்கள். டைரக்டர் அம்மா ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். மேசையில் ‘வணிகர் கறி’ என்ற அட்டை நின்றது. அதை வாசித்துவிட்டு வந்திருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். யசோதினி அட்டையை எடுத்துக் குப்புற வைத்தாள்.

இருபத்தைந்து வருட லண்டன் ஆங்கிலத்தில், அவசரப்படாமல் சொன்னாள். இது எங்கள் பெண்கள் பிள்ளை பெற்றபின் சாப்பிடுகிற கறி. இதில் மிளகாய் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. கடல் கடந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் அவர்களைப் பெற்றவர்கள் சாப்பிட்டது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று கை தட்டினாள். அதன்பின் யார் யார் எழுந்தார்கள் என்று யசோதினி பார்க்கவில்லை; கண் நிறைந்துவிட்டது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. தூளை எடுத்த பிறகு மிச்சம் எதுவென்று இப்போது தெரிந்துவிட்டது.

சமையலறைக்குத் திரும்பினாள். கல்யாணசுந்தரம் மேசையோரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சை அவரும் கேட்டிருக்க வேண்டும். பாதிப் போத்தல் அவர் கைக்கெட்டும் தூரத்தில், மூடி திறக்காமல் இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையை விரலால் வழித்து முடித்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

“யசோ, இன்னும் கொஞ்சம் கிடக்கோ?”

“கிடக்கு” என்றாள் யசோதினி. “வெளியில சனம் ரெண்டாந்தரம் வாங்க நிக்குது. நீங்களும் போய் வரிசையில நில்லுங்கோ, அத்தான்.”

கல்யாணசுந்தரம் கோட்டைப் போட்டுக்கொண்டு, போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டு, வெறுங்கோப்பையோடு போய் வரிசையின் கடைசியில் நின்றார்.