ஒரு நாள் சிறுநீர்

காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும். அதன்பின் மறுநாள் அதே நேரம்வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். சோதனைக்கூடத்துப் பெண் இரண்டு முறை சொல்லியனுப்பினாள். தையல்காரி தலையாட்டினாள். அளவெடுப்பது அவளுக்குப் புதிதா என்ன?

சோதனைகள் முடியும்வரை அண்ணன் வீட்டில்தான் வாசம். கேன் குளியலறை மூலையில் இருந்தது. கதவுக்கு வெளியே அம்மா காவல்.

"எல்லாத்தையும் பிடிச்சியா?"

"பிடிச்சேம்மா."

"உங்கண்ணன் உசுரு அதுலதான் இருக்கு, பாத்துக்க."

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய் எட்டு மாதமாகிறது. வாரத்தில் மூன்று நாள் இயந்திரம் அவன் ரத்தத்தைக் கழுவிக் கொடுத்தது. சிறுநீர் அறவே நின்றுவிட்டது. குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் காலில் தேங்கியது, முகத்தில் ஏறியது. நாளைக்கு இரண்டு டம்ளர்தான் தண்ணீர். இவளுடைய சிறுநீரகம் ஒன்று கிடைத்தால் பிழைப்பான்.

சுவருக்கு அப்பால் அவன் கட்டில்.

"சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுடி ஒழுகல்!"

அவன் வைத்த பெயர்தான் அது. ஏழு வயதில் அவள் பள்ளியிலிருந்து ஓடிவந்தால் கக்கூஸ் கதவை மறித்து நிற்பான். நூறு எண்ணினால் விடுவேன் என்பான்; தொண்ணூற்றெட்டில் தப்பு என்று ஒன்றுக்குத் திருப்பிவிடுவான். மூத்திரப்பை முதலில் லேசாகத் தட்டும், பிறகு உதைக்கும், பிறகு எத்தனை இறுக்கினாலும் கேட்காது என்பதை அவள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. கவுன் நனைந்ததும் தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். கல்யாணத்தன்றும் விடவில்லை. "மாப்ளே, கட்டிலுக்கு ரப்பர் ஷீட் வாங்கியாச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும்தான்.

இப்போது அவள் கிண்ணத்தைக் கேன் பக்கம் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் மறுபடி பேசியது.

"கோவமாடி? சும்மா சொன்னேம்மா. மனசுல வச்சுக்காத."

அப்படி ஒரு வார்த்தை அவன் வாயில் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். கிண்ணத்தில் பிடித்ததில் பாதியை, சத்தம் வராமல், கக்கூஸ் கோப்பையின் ஓரமாக வழியவிட்டாள். மீதியைக் கேனில் ஊற்றினாள். அன்று முழுக்க அப்படியே செய்தாள்.

நாலாம் நாள் டாக்டர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார்.

"ரத்தம் சுத்தமா இருக்கு. கேன்லதான் கணக்கு இடிக்குது. சிறுநீரகம் தூங்கறதே இல்லம்மா. ரத்தத்தை வடிகட்டி, சொட்டுச் சொட்டா பைக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். உங்க எடைக்கு இவ்வளவு கழிவு வந்தே ஆகணும், வந்தது பாதிதான். மீதி எங்க போச்சு?"

அவள் புடவை ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றினாள்.

"பயமா இருந்தா சொல்லிடுங்க. உங்க உடம்பு தோதுப்படலன்னு மட்டும் எழுதிடறேன், காரணம் யாருக்கும் தெரியாது. உங்க அண்ணியும் குடுக்கறேன்னு நிக்கிறாங்க, ரத்த வகையும் பொருந்துது. நீங்க இருக்கீங்கன்னுதான் அவங்களுக்கு டெஸ்ட் எடுக்காம வச்சிருக்கோம். தள்ளிப்போட அவர்கிட்ட நாள் இல்ல."

பயமா? உள்ளே தேடினாள். எங்கும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும்; உடம்பில் கத்தி படாமல் தையல் மெஷினுக்குத் திரும்பிவிடலாம், அண்ணனும் பிழைத்துக்கொள்வான். அந்த நிமிடமே அவன் குரலிலிருந்த கெஞ்சலும் போய்விடும். நாற்பது வருடத்தில் முதல் முறையாக அவன் இவள் முகம் பார்த்துப் பேசுகிறான். அதை அண்ணிக்குத் தூக்கிக் கொடுப்பதா? இந்த நினைப்பு தன்னைத் திடுக்கிட வைக்கும் என்று காத்திருந்தாள். வைக்கவில்லை.

"மூடி சரியில்ல டாக்டர், சிந்திப்போச்சு. சொல்லப் பயந்துட்டேன். மறுபடி பிடிச்சுத் தர்றேன்."

"நிச்சயமாவா?"

"எங்கண்ணனுக்கு நான்தான் குடுப்பேன். ஆனா தைக்கிற வேலை குவிஞ்சு கெடக்கு. அடுத்த மாசம் வரட்டுமா?"

"அதுக்கு மேல ஒரு நாளும் தள்ள முடியாது," என்று அவர் அடுத்த மாதத் தேதி எழுதினார்.

வெளியே சக்கர நாற்காலியில் அண்ணன் காத்திருந்தான்.

"என்னம்மா சொன்னாரு?"

"இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்டுண்ணே. அப்புறம் உனக்குத்தான்."

அவன் கண் கலங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து, வீங்கிய காலை மடியில் எடுத்துப் பிடித்துவிட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டைவிரல் அழுந்திய இடம் மாவில் அழுத்தியதுபோல் குழியாகவே நின்றது.

"வலிக்குதும்மா."

"அப்படியாண்ணே," என்று பரிவாகச் சொல்லி, குழி மேடாவதற்குள் பக்கத்தில் இன்னொன்று அழுத்தினாள்.