எழுந்து வீட்டுக்குப் போனான்

எங்கள் வீட்டு வேதப் புத்தகத்தில் இருபத்துமூன்று வசனங்கள் இல்லை என்று என் மருமகள் சொன்னாள். அதுவும் பட்டறையில், வேலை நேரத்தில், கம்பி தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற அதே குரலில்.

"என்ன சொன்ன?"

"இருபத்திமூணு வசனம் மாமா. நீங்க போன மாசம் வாசிச்ச பகுதியில ஒன்பதாவது வசனத்துக்கு அப்புறம் நேரா முப்பத்திமூணு வருது. நடுவுல ஒண்ணும் இல்ல."

"வாயை மூடு" என்றேன். வேறென்ன சொல்வது?

ஜெபக்கூடத்தில் ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பது எங்கள் குடும்பத்தின் உரிமை. தாத்தா வாசித்தார், அப்பா வாசித்தார், நாற்பத்தோரு வருடமாக நான் வாசிக்கிறேன். வாசிக்கும்போது கூடத்தில் யாரும் தங்கள் புத்தகத்தைத் திறப்பதில்லை. மடியில் மூடி வைத்து, கண்ணையும் மூடிக்கொண்டு கேட்பார்கள். தாத்தாவின் குரலைக் கேட்ட பிறகு எழுத்தைப் பார்ப்பது எதற்கு என்று அந்தக் காலத்தில் ஏற்பட்ட ஒழுங்கு அது. புத்தகமும் எங்களுடையதுதான். தோல் அட்டை போட்டது. நல்ல கனம். ஒவ்வொரு வாரமும் நானே தோளில் சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவருவேன், இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. அது வீட்டில் இருக்கையில் இன்னொரு பிரதி வாங்குவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். யாரும் வாங்கியதும் இல்லை.

இவள் வாங்கினாள். என் மகன் இறந்த மூன்றாம் மாதம், பேருந்து நிலைய நடைபாதைக் கடையில், பிளாஸ்டிக் அட்டை போட்ட ஒன்றை. அன்றிலிருந்து தினமும் காலையில் பட்டறை திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, பென்சில், அழி ரப்பர். வேதத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போடுவாள். நான் டீ குடிக்க வந்தால், "மாமா, இங்க ஒரு மாதிரி சொல்லுது, முன்னாடி வேற மாதிரி சொல்லிச்சே?" என்பாள். அது கேட்கிறதற்கு உள்ளது, கணக்குப் பாடம் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். சரி மாமா என்பாள். மறுநாள் இன்னொரு கேள்விக்குறி இருக்கும்.

எங்கள் பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டுகிறோம். கட்டுகிறவள் அவள்தான். ஒரு சுருளுக்கு நூற்றெண்பது சுற்று என்றால் நூற்றெண்பதுதான். பக்கத்தில் யார் கத்தினாலும் எண்ணிக்கையை விடமாட்டாள். அந்தப் பழக்கத்தை வேதத்திலும் காட்டியிருக்கிறாள். நான் போன மாதம் கூடத்தில் வாசித்ததைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தன் பிரதியைப் பார்த்திருக்கிறாள். பிறகு எங்கள் பெரிய புத்தகத்தைத் திறந்து எண்ணைச் சரிபார்த்திருக்கிறாள். என்னைக் கேட்காமல்.

"ஒரு சுத்து குறைஞ்சாலே மோட்டார் சூடாவுதுன்னு நீங்கதானே திட்டுவீங்க?"

"மோட்டாரும் வேதமும் ஒண்ணா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு."

வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு அந்தப் பகுதி மனப்பாடம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவன் ஏழு நாள் தரையில் கிடக்கிறான். வலது பக்கத்தின் கடைசி வரி, 'அப்பொழுது அவன் எழுந்து' என்று முடியும். தாளைத் திருப்பினால் அடுத்த பக்கம், 'வீட்டுக்குப் போனான்' என்று தொடங்கும். எத்தனை முறை வாசித்திருப்பேன், ஓரத்து எண்ணைப் பார்க்காமலே! எழுந்தான், வீட்டுக்குப் போனான். என்ன கட்டுப்பாடான மனிதன் என்று ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு பெருமிதம் வரும்.

அந்தத் தாள் தடித்த தாள். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அன்று விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு தாள் இல்லை, இரண்டு. நான்கு ஓரமும் இடைவெளி விடாமல் ஒட்டியிருந்தது. ஓரத்தில் தேன் நிறத்தில் மெல்லிய பளபளப்பு. அது காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ். அதன் நிறம் எனக்குத் தெரியாதா?

அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"வர ஞாயித்துக்கிழமை அவரு நாள். ரெண்டு வருஷம் ஆவுது. இந்தப் பகுதியத்தான் கேட்டிருக்கேன், முழுசா."

இறந்தவர் நினைவு நாளில் எந்தப் பகுதியை வாசிப்பது என்று வீட்டார் கேட்கலாம், அது கூடத்தின் வழக்கம். ஆனால் வீட்டார் என்றால் நான்.

"யாருகிட்ட கேட்ட?"

"செயலாளர்கிட்ட. எழுதிக்கிட்டாரு."

"ஊர் பூராச் சொல்லிட்டியா? மூணு தலைமுறையா நாங்க ஓட்டைப் புத்தகத்தை வாசிச்சோம்னு?"

"பகுதிய மட்டும்தான் சொன்னேன் மாமா. தாள் விஷயத்தச் சொல்லல. உங்க பேரு எனக்கும் பேருதான்."

"அந்த நினைப்பு இருந்தா கேட்டிருக்கவே மாட்ட."

அவள் தலையைக் குனியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கூடத்தின் செயலாளர் ஒரு தையல்காரர். மாலையில் அவர் கடை வழியாகப் போனபோது, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கூப்பிட்டார்.

"அண்ணே, மருமக குறிச்சுக் குடுத்த பகுதிய நேத்து எடுத்துப் படிச்சேன். அந்த ஆளு ஆண்டவர்கிட்டப் போடுற சண்டை இருக்கே, அடேயப்பா! நீங்க வாசிச்சு நான் இதைக் கேட்ட ஞாபகமே இல்லையே. தூங்கிட்டேனோ?"

"தூங்கியிருப்பீரு" என்றேன்.

"இருக்கும், இருக்கும். உங்க குரல் அப்படி, தாலாட்டு மாதிரி."

நாற்பத்தோரு வருட வாசிப்புக்கு அவர் கொடுத்த பட்டம் அது. பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். நான் அங்கிருந்து நேராக என் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வார்னிஷைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பாதான் ஒட்டினாரு."

"அப்பாவா?"

"பின்ன, பூனையா? சின்னத்தம்பி காய்ச்சல்ல போனான்ல, நாலு வயசுல. அடுத்த ஞாயிறு வரிசைப்படி இந்தப் பகுதி வந்துச்சு. 'அவன் எழுந்து'ன்னு வாசிச்சாரு. அப்படியே நின்னாரு. புத்தகத்தை மூடிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. மறுநாள் பட்டறையிலேருந்து தூரிகையக் கொண்டாந்து பூசினாரு. நான்தான் விளக்கு பிடிச்சேன். நீ கூட இது ஏன் தடியா இருக்குன்னு கேட்டு அறை வாங்கினியே, மறந்து போச்சா?"

மறக்கவில்லை. எதற்காக என்றுதான் தெரியாமல் இருந்தது.

"அறுபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. உங்க வீட்டு ஆம்பளைங்க வாசிப்பீங்களே தவிர எதையாவது கேப்பீங்களா? உன் பையன் போனப்ப பெட்டி பக்கத்துல நின்னு ஒரு எழுத்துப் பிசகாம வாசிச்ச. எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. எனக்கு உன்னை ரெண்டு அறை அறையணும்போல இருந்துச்சு."

"மரியாதையாப் பேசு அக்கா."

"மரியாதை! அந்தப் பொண்ணாவது அழுதுச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் உள்ளே கொதித்தது. அப்பா மேல் கோபம். பொய் சொல்லக்கூடாது என்று எங்களை அடித்து வளர்த்தவர், வேதத்தையே ஒட்டி வைத்துவிட்டு அதைத் தோளில் சுமந்து போயிருக்கிறார். என்னையும் சுமக்க வைத்திருக்கிறார். வாசிக்க முடியாது என்று மருமகளிடம் சொல்லிவிட எனக்கு வழி இருந்தது. ஆனால் காரணம் கேட்பாள். அவளுடைய நடைபாதைப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறவும் வழி இருந்தது. அதற்கு நான் ஏறாமலே இருக்கலாம். செத்தது என் மகன். அவனுக்காகக் கேட்கப்பட்ட வசனத்தை ஒளித்து வைத்தேன் என்று நாளை எவனாவது சொன்னால் அப்புறம் எந்த முகத்தோடு அந்தப் புத்தகத்தைத் தூக்குவேன்?

சனிக்கிழமை மதியம் மின்சாரம் இல்லை. பட்டறை ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். புத்தகத்தைக் காயில் மேசையில் வைத்து, வார்னிஷைக் கரைக்கிற தின்னரில் பஞ்சைத் தோய்த்து ஓரமாகத் தடவி, மெல்லிய பிளேடை உள்ளே விட்டேன். வார்னிஷை எடுப்பது எனக்கு வேலைதான். இருந்தும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. சில இடங்களில் எழுத்து ஒரு பக்கத்திலிருந்து பெயர்ந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அறுபத்திரண்டு வருடம் வெளிச்சம் படாத தாள், மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது.

வாசித்தேன். எனக்குத் தெரியாத வேதத்தை முதன்முதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தேன். அந்த மனிதன் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. எழுந்து நின்று ஆண்டவரைக் கேட்கிறான். ஏன் கொடுத்தீர், ஏன் எடுத்தீர், அவன் கூப்பிட்டபோது உம் காது எங்கே இருந்தது என்று இருபத்துமூன்று வசனங்களுக்குக் கேட்கிறான். ஆண்டவர் அவனை அடிக்கவில்லை. வாயை மூடு என்று சொல்லவும் இல்லை. அவன் கேட்டு முடிக்கும்வரை இருந்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதன் பிறகுதான் அவன் வீட்டுக்குப் போகிறான்.

நான் மேசையை அடித்தேன். தின்னர் டப்பா உருண்டு கீழே விழுந்தது.

"நாப்பத்தோரு வருஷம் உம்ம வார்த்தைய ஊருக்கு வாசிச்சேன்! எனக்குன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? மெயின் ஆஃப் பண்ணிட்டேன்பான்னு போன்ல சொன்னான். மாவு மில்லுல எவனோ தெரியாம சுவிட்சைப் போட்டுட்டான். ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் அவன் கையப் பிடிக்க உமக்கு முடியலையா? முப்பத்திநாலு வயசு. நான் போக வேண்டிய வேலை அது. எனக்கு அன்னிக்கு முதுகு வலி. இந்தக் கெழவன எடுத்திருக்கலாமே! உனக்குக் கண்ணு இல்லையா? சொல்லு! நீ சொல்லு!"

எப்போது 'நீர்' போய் 'நீ' வந்தது என்று எனக்குத் தெரியாது. ஜெபக்கூடத்தில் நான் ஜெபித்ததெல்லாம் எழுதி வைத்த ஜெபம். என் வாயால், என் பேச்சில், நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து, உருண்ட டப்பாவை எடுத்து மூடினாள்.

"நானும் தினமும் காலையில அதத்தான் கேக்கிறேன் மாமா. ரெண்டு வருஷமா."

"என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. ஆனா கேக்க விடுறாரு. இப்படிக் கேட்டவங்க வேற யாராவது வேதத்துக்குள்ள இருக்காங்களான்னு தேடினேன். பதினேழு பேரு இருக்காங்க. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"பதினேழா?"

"எண்ணினது நான்."

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். அவள் தூக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். மேடையில் நின்றதும் வழக்கம்போல எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"கண்ணைத் திறங்க" என்றேன். "அவங்கவங்க புத்தகத்தையும் திறங்க. இந்தப் பகுதிய எங்க வீட்டார் அறுபத்திரண்டு வருஷமா வாசிக்காம விட்டுட்டோம். இன்னிக்கு வாசிக்கிறேன்."

அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச அது இடமில்லை. தாள் புரளும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அங்கே கேட்டதே இல்லை.

'அப்பொழுது அவன் எழுந்து' வரை குரல் எப்போதும்போல இருந்தது. அடுத்த பக்கத்தில் மூன்றாவது வரியிலேயே தடுக்கிற்று. ஒரு சொல் இருந்த இடத்தில் வெறும் வார்னிஷ் கறை. நின்றேன். முன்வரிசையிலிருந்து மருமகள் தன் பிரதியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அதை வாங்கி வாசித்தேன். இரண்டு வரி தள்ளி இன்னொரு கறை, அங்கேயும் அவளே சொன்னாள். மூன்றாவது இடத்தில் எழுத்து நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. 'என் மகன் கூப்பிட்டபோது' என்று அந்த மனிதன் கேட்கிற இடம் அது. அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. காத்திருந்தாள். கூடமும் காத்திருந்தது. கடைசியில் நானே வாசித்தேன், உடைந்த குரலில், அசிங்கமாக. வீட்டுக்குப் போனான் என்று முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது தையல்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு இவ்வளவு தடுமாறிட்டீங்க? வயசாயிடுச்சா?"

"தூங்கினீரா?"

"எங்க தூங்க விட்டீங்க!"

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு வார்னிஷ். கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது, அவர் சொல்ல வேண்டியதும் பாக்கி இருக்கிறது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை வைத்துவிட்டு மருமகளிடம் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு உக்காருவ?"

"அஞ்சரைக்கு மாமா."

"எனக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போடு. நீ எனக்குப் பாடம் எடுக்க வேணாம். அந்தப் பதினேழு பேரு யாருன்னு நானே தேடிப் பார்க்கிறேன்."

"சரி மாமா."

"அந்த எண்ணிக்கையிலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு."

அவள் உள்ளே போய் ஒரு புதுப் பென்சிலைச் சீவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.