மொட்டை மாடியில் சாவுப் பாட்டு

“யாரும் சாகாத எடத்துல நீங்க பாடவே மாட்டீங்களாக்கா?” என்று ஃபோனில் அந்தப் பெண் கெங்கம்மாவிடம் கேட்டாள்.

அந்தப் பெண்ணின் பேர் அனிஷா. கொரோனாவில் பிழைப்பை இழந்த கலைஞர்களுக்கு அவசர உதவி கொடுக்கிற ஓர் அறக்கட்டளையில் வேலை பார்த்தாள். நல்ல பெண். கூத்துக்காரர்களுக்கும் நாதஸ்வரக்காரர்களுக்கும் கிடைக்கிற உதவி, சாவு வீட்டில் மரண கானா பாடுகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆபீசில் சண்டை போட்டு, அவளேதான் கெங்கம்மாவைத் தேடிப் பிடித்திருந்தாள். ஆனால், ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற பெரியவர்கள் பாடுவதைப் பார்க்க வேண்டுமாம். இரண்டு நிமிஷ வீடியோ போதும், அதைவிட நீளமாக இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இன்றைக்குச் சாயங்காலம்தான் கடைசி என்றாள்.

வீடியோவுக்குக் கெங்கம்மா எங்கே போவாள்? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று அவள் பாடாத தெரு இல்லை. ஆனால் சாவு வீட்டில் பாட வந்தவள் செல்ஃபோனை எடுத்து நீட்டினால் செருப்படிதான் விழும். கொரோனா வந்ததிலிருந்து சாவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பாட்டுக்குத்தான் இடம் இல்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பந்தலும் இல்லை, மேளமும் இல்லை. வாடகைக்குப் பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர், வருகிற ஒண்ணாம் தேதிக்குள் பணம் வரவில்லையென்றால் காலி பண்ணிவிடச் சொல்லியிருந்தார். இந்த உதவி கிடைத்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் அவளும், டோலக் அடிக்கிற தம்பி பீம்ராவும், அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

அதனால் அக்காவும் தம்பியும் மத்தியானம், தாங்கள் குடியிருக்கிற ஹவுசிங் போர்டு பிளாக்கின் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். செல்ஃபோனைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து நிறுத்தினார்கள். பிணம் இருக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள். அப்புறம்தான் சிக்கல் வந்தது. மரண கானா என்றால் செத்தவர் பேர் பாட்டுக்குள் வர வேண்டும். அவர் தெரு, தொழில், பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வர வேண்டும். உயிரோடு இருக்கிறவர் பேரைப் போட்டால் அவரையே சாவுக்குக் கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி.

பேரே இல்லாமல் சும்மா பாடச் சொன்னான் பீம்ராவ்.

“பேரில்லாத பாட்டு ஆளத் தேடிக்கினு போவும்டா,” என்றாள் கெங்கம்மா. “கொரோனா டைம்ல அது வேற வோணுமா?”

யோசித்து யோசித்து, இரண்டு பேர் சொந்தத்திலும் இல்லாத ஒரு பேராக ராமதாஸ் என்று வைத்தார்கள். பீம்ராவ் டோலக்கைத் தட்டினான். அவள் எடுத்தாள்.

*காசிமேட்டுக் கடலோரம் காத்து இன்னும் வீசுது,*
*கண்ண மூடிப் போன ராமதாசு கட்டிலு மட்டும் பேசுது.*

அந்தத் தாளத்தைக் கேட்டால் ராயபுரத்தில் கைக்குழந்தைக்குக்கூட விஷயம் தெரியும். ஆறாவது அடி பாடுவதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு பொம்பளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே வந்தாள். மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஆம்பளைகள் வந்தார்கள். பூக்கடை தேவகிருபை அவசரத்தில் கட்டிய மாலையோடு வந்து நாற்காலியைப் பார்த்தாள். பிணத்தைக் காணாமல் திகைத்தாள். எல்லாருக்கும் பின்னால், லுங்கியை இறுக்கிக் கட்டியபடி, கீழ்வீட்டு டாலி தாத்தா மூச்சிரைக்க ஏறி வந்தார். ஹார்பரில் டாலி என்கிற சரக்கு வண்டி இழுத்த மனுஷன். பிளாக்கில் அத்தனை பேரும் அவரை டாலி தாத்தா என்றே கூப்பிட்டு, அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு என்பதே அக்காவுக்கும் தம்பிக்கும் மறந்துபோயிருந்தது. அந்தப் பேர் ராமதாஸ்.

“இன்னாமே கெங்கா,” என்றார் அவர். “சிவனேன்னு தூங்கினு இருந்தேன். வூட்ல எழுப்பி வுட்டு, நீ பூட்டியே நைனான்னு அழுவறாங்கோ. மெய்யாலுமா?”

கெங்கம்மா பாட்டை விட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். யாரும் திட்டவில்லை. தேவகிருபை மட்டும், பூ வீணாகிப்போன ஆத்திரத்தில் மாலையை ஆட்டிக் காட்டினாள்.

“இத்த இப்ப யாருக்குப் போடறது?”

“குடு, நானே போட்டுக்கறேன். அப்பால நீங்க போடறச்ச நான் பாக்கவா போறேன்?” என்று தாத்தா வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அந்த பிளாக்கில் நாலு பேர் சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள்.

கன்னியம்மா மட்டும் நகரவில்லை. மீன் விற்கிறவள். அவள் புருஷன் மாரியப்பன் போன மாசம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அவளும் காய்ச்சலில் கிடந்ததால் போய்ப் பார்க்க விடவில்லை. எரித்தாயிற்று என்று ஃபோனில்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஜுரம் விட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

“மாரியப்பன்னு போடு,” என்றாள் கன்னியம்மா.

இறங்கினவர்கள் நின்றார்கள்.

கெங்கம்மா சாவு வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டாள். எந்த போட்டில் கடலுக்குப் போனார், யாரோடு சிநேகம், எதில் ஆசை என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். கன்னியம்மா சொல்லிக்கொண்டே வந்து கடைசியில், “புயலுக்குப் பயப்பட மாட்டாரு. ஊசின்னாதான் பயம். கொழந்த மாதிரி என் கையப் புட்ச்சிக்குவாரு. அத்தயும் போடு,” என்றாள்.

தாத்தா கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஜனங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பீம்ராவ் ஃபோனில் வீடியோவைத் தட்டிவிட்டு டோலக்கை மடியில் எடுத்தான். கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மாரியப்பனின் போட்டு வந்தது, சிநேகிதர்கள் வந்தார்கள், பெண்டாட்டி பேர் வந்தது. ஊசி போட வந்தபோது பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்காமல் அவன் போன இடம் வந்ததும், கன்னியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மாசத்து அழுகை. பாட்டு முடிந்தும் அது முடியவில்லை. பொம்பளைகள் அவளைத் தாங்கி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

வீடியோ நீளமாக வந்திருந்தது. பீம்ராவ் உட்கார்ந்து வெட்டினான். ஆரம்பத்தில் டோலக் கணீரென்று விழுகிற இடத்தையும், அக்காவின் குரல் உச்சிக்குப் போகிற இடத்தையும் வைத்துக்கொண்டான். பேர் வருவது அதற்குப் பின்னால். அது போய்விட்டது. ஆபீஸ்காரர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்றான்.

கேட்காமல் அனுப்பக் கெங்கம்மாவுக்கு மனசு வரவில்லை. ஃபோனை வாங்கிக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனாள். கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஃபோனைக் கையில் வாங்கி, முழு வீடியோவையும் கண் கொட்டாமல் பார்த்தாள். கெங்கம்மா இரண்டு நிமிஷக் கணக்கைச் சொன்னாள்.

“அந்த ரெண்டு நிமிசத்துல அவரு பேரு வருதா?”

பொய் சொல்லியிருக்கலாம். “வரல,” என்றாள் கெங்கம்மா.

கன்னியம்மா ஃபோனைத் திருப்பி நீட்டினாள். “அவரு போனத யாரும் பாக்கல கெங்கா. நானே பாக்கல. நாலு பேரு பாக்கறாங்கன்னா முழுசா பாக்கட்டும். இல்லன்னா அனுப்பாத.”

ஒண்ணாம் தேதி கெங்கம்மாவின் கண் முன்னால் வந்து நின்றது. பீம்ராவின் பிள்ளைகள் வந்தார்கள். முழுசாக அனுப்பினால் அந்தப் பெரியவர்கள் தள்ளிவிட்டாலும் விடலாம். அவள் ஃபோனை வாங்கி, வெட்டாத வீடியோவையே தொட்டு அனுப்பினாள். வட்டம் மெதுவாகச் சுற்றிச் சுற்றி, கடைசியில் போய்ச் சேர்ந்தது. பிறகு வாயருகே ஃபோனை வைத்து, “அனிஷாம்மா, நீளமாதான் கீது. கொறைக்க முடியாது. செத்தவரு பேரு மாரியப்பன்,” என்று பேசி அதையும் அனுப்பினாள்.

கன்னியம்மாவுக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்த முறை சத்தமில்லாமல் அழுதாள். கெங்கம்மா அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, போய்ட்டு வரேன் என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.