ஆளுக்கு ஒரு வரி

தியாகராய நகரில் சட்டை ஏற்றுமதி செய்யும் அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் இணைப்பு தந்துவந்த கம்பெனி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் கடையைக் கட்டிவிட்டது. தொண்ணூற்றேழில் வேறு இணைப்பு வாங்குவது குதிரைக் கொம்பு. முதலாளி யார் யார் காலையோ பிடித்து, அடையாறில் ஒரு நண்பரின் அலுவலகத்தில் செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் இணைப்பில் அரை மணி நேரம் வாங்கினார். மேனேஜர் சுவாமிநாதன் எல்லாக் கடிதங்களையும் ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் போய்வருவார்.

"சொந்தக் கடுதாசின்னா ஆளுக்கு ஒரு வரிதான். கோச்சுக்கப்படாது," என்றார்.

டைப்பிஸ்ட் ஆரோக்கியமேரிக்குத் தலையில் இடி விழுந்தது. அவள் தம்பி இன்னாசி சவூதியில், பாலைவனத்து எண்ணெய் முகாமில் இருந்தான். அங்கே போன் கிடையாது; முகாம் கம்ப்யூட்டருக்கு சாட்டிலைட் வழியாக மின்னஞ்சல் மட்டும் வரும். தந்தி அடித்தால் தலைமை அலுவலகத்தில் தூங்கி எழுந்து போய்ச் சேரப் பத்து நாளாகும். அம்மாவின் வயிற்றுவலியைப் பற்றி இவள் தினமும் ஆபீஸ் மின்னஞ்சலில், ஆங்கில எழுத்தில் தமிழைக் கொட்டிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது டாக்டர்கள் கைவிரித்து, அம்மாவைச் சாந்தோம் குப்பத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாயன்று அழுதுகொண்டே அடித்தாள்: அம்மாவுக்கு இனி வழி இல்லை, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வா என்று எழுதவில்லை. அதை வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தாள்.

வெள்ளி சாயங்காலம் சுவாமிநாதன் பதிலைக் கொண்டுவந்து கொடுத்தார். "வலி போயிடுச்சா? வீட்டுக்கும் வந்துட்டாங்களா? மாதாவுக்கு நன்றி. அவசர லீவு கேட்டிருந்தேன், வேணாம்னு சொல்லிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வர்றேன்."

பாவி, 'ழ' வாயில் நுழையாத குப்பத்துக்காரி, எழுத்திலும் அதற்கு ஒற்றை 'எல்' போட்டே பழகியவள். வழியும் வலியும் அவள் கையில் ஒன்றுதான். பக்கம் பக்கமாக எழுதியபோது முன்னும் பின்னும் இருந்த வாக்கியங்கள் காப்பாற்றிவிட்டன. ஒற்றை வரிக்கு யார் துணை?

"சார், இப்பவே ஒண்ணு அனுப்பணும்."

"அவா பூட்டிண்டு போயாச்சும்மா. இனிமே செவ்வாய்க்கிழமைதான்."

வீட்டில் அம்மா கண்ணைத் திறந்து, "இன்னாசி எப்ப வர்றான்?" என்றாள்.

மேரிக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. "கெளம்பிட்டான்மா. ஞாயித்துக்கெயம வந்துடுவான்."

"அப்ப வஞ்சிரம் வாங்கி வையி. அங்க மண்ணத் துன்னுக்கினு கீது புள்ள."

ஞாயிறன்று மேரி கரைக்குப் போய் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். முதல் தட்டைத் தம்பிக்குப் போடச் சொன்னாள் அம்மா. போட்டு மூடி வைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையைத் தூக்கப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அம்மா போய்விட்டாள். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.