ரெண்டு தட்டு தட்டினால்தான் வண்டி போகும்

ஹெர்பர்ட் க்ளெக் இங்கிலாந்தில் தன் ஊரில் பஸ் ஓட்டினவன். பின்னால் கண்டக்டர் இரண்டு தடவை மணி அடிக்காமல் வண்டியை எடுத்ததே கிடையாது. மன்னரே ஏறி உட்கார்ந்து அவசரப்படுத்தினாலும் எடுக்க மாட்டான். அந்தக் கண்டக்டர் ஸ்டான் டக்வொர்த், ஹெர்பர்ட்டின் தங்கை எட்னாவின் புருஷன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பரேடு, கோடையில் கடற்கரை முகாம், பீர் மலிவு என்று கேள்விப்பட்டு இருவரும் பகுதிநேரப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஜெர்மன்காரன் துரத்திக்கொண்டு வருவான் என்று சேரும்போது ஒரு பயலும் சொல்லவில்லை.

1940 மே மாதம் பட்டாளம் பெல்ஜியத்திலிருந்து டன்கர்க் கடற்கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மேலிடத்தில் அந்த ஓட்டத்துக்கு ‘புதிய நிலைக்கு நகர்தல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹெர்பர்ட்டுக்கு ஒரு லாரி கொடுத்திருந்தார்கள். ஸ்டான் பின்னால் ஆள் ஏற்றிவிட்டுப் பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டினால்தான் அது நகரும்.

ஹெர்பர்ட்டுக்குப் பக்கத்து இருக்கையில் லெப்டினன்ட் பில்லிங். ஊரில் பல் டாக்டர். பட்டாளத்தில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவர் என்பதால் அவர் முன்னால் எவனும் வாயைத் திறப்பதில்லை. அவரோ அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தார்.

ஒரு கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் லாரி நின்றது. சாலையோரம் கிடந்த காயம்பட்டவர்களை ஸ்டான் ஏற்றிக்கொண்டிருந்தான். பாலத்துக்கு வெடி வைத்துவிட்டு, இவர்கள் எப்போது கடந்து தொலைவார்கள் என்று காத்திருந்தார்கள் மற்ற வீரர்கள். பின்னால் குண்டுகள் நெருங்கி வந்து விழுந்தன.

“எடுய்யா வண்டியை!” என்றார் பில்லிங்.

“மணி வரலையே சார்.”

“என்ன மணி?”

“ஸ்டான் இன்னும் தட்டலை.”

“நான் சொல்றேன், எடு!”

“நீங்க சொல்லலாம் சார். என் கால் கேக்கணுமே.”

அவன் விளையாடவில்லை. கிளட்ச்சை மிதித்த கால் மேலே வரமாட்டேன் என்றது. பில்லிங் கையை வெளியே விட்டுக் கதவில் தானே இரண்டு தட்டு தட்டினார்.

“அது கதவு சார். மணி பின்னாலேருந்து வரணும்.”

“ஊருக்குப் போனதும் உன் கடைவாய்ப் பல்லு என் கையிலதான், பாத்துக்க!”

அப்போது பின்னாலிருந்து தட், தட் என்று கேட்டது. ஹெர்பர்ட்டின் கால் தானாக எழுந்தது. லாரி பாலத்தைத் தாண்டியதும் பாலம் வெடித்துக் கால்வாயில் விழுந்தது.

“பாத்தீங்களா சார்? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு!” என்று ஹெர்பர்ட் வாய்விட்டுச் சிரித்தான்.

அடுத்த நிறுத்தத்தில் பின்பக்கம் போய்ப் பார்த்தான். எள் விழ இடமில்லாமல் காயம்பட்டவர்கள். ஸ்டான் இல்லை.

தலையில் கட்டுப் போட்டிருந்த ஒருவன் சொன்னான்: “வண்டி நெறஞ்சு போச்சுன்னு அவரு ஏறவே இல்லீங்க. கீழ நின்னுதான் தட்டினாரு. ‘பின்னாடியே காலியா ஒண்ணு வருது, நான் அதுல வர்றேன்’னாரு.”

ஹெர்பர்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பஸ் நிரம்பியதும் மழையில் நிற்கும் ஜனத்திடம் ஸ்டான் வழக்கமாக விடும் புளுகு அது. ஒரு நாளும் காலியாக ஒன்று பின்னால் வந்ததில்லை. எட்னாவிடம் போய் என்ன சொல்வது? உன் புருஷன் தட்டினான், நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றா? அவனுக்கு அழுகை வந்தது. பல் டாக்டர் தன் பிராந்திக் குப்பியைத் திறந்து அவன் கையில் கொடுத்தார்.

கடற்கரையில் ஊருக்குப் போகும் படகுக்கும் இங்கிலீஷ்காரன் வரிசையில்தான் நின்றான். தலைக்கு மேல் விமானம், கழுத்தளவு தண்ணீர், ஆனாலும் முந்துகிறவனுக்கு ஒரு முறைப்பு. மறுநாள் அந்த வரிசைக்கு பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்று வந்து சேர்ந்தது. அதன்மேல் உடம்பெல்லாம் கால்வாய்ச் சேறு காய்ந்த ஸ்டான், முன்கூடையில் ஒரு கோழி.

ஹெர்பர்ட் அவன் சட்டையைப் பிடித்தான். “கீழ நின்னுக்கிட்டா தட்டினே? என் காலாலேயே என் தங்கச்சி தாலிய அறுக்கப் பாத்தியேடா மாப்ளே!”

“வண்டி ஃபுல் மச்சான். சட்டம்னா சட்டம். கால்வாய நீந்தித்தானே வந்தேன்? இந்தா, கோழியப் பிடி.”

சாயங்காலம் அவர்கள் முறை வந்தது. படகிலிருந்த மாலுமி, “இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம்!” என்று கத்தினான்.

ஹெர்பர்ட் யோசிக்கவே இல்லை. ஸ்டானை மூட்டை மாதிரி தூக்கி உள்ளே எறிந்தான். கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படகின் பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டினான். அந்த மாலுமி ஊரில் என்ன வேலை பார்த்தானோ, உடனே துடுப்பு வலிக்க ஆரம்பித்துவிட்டான்.

“டேய் மச்சான்! துரோகி! நீ எப்படிடா வருவே?” ஸ்டான் எழுந்து நின்று அலறினான்.

“பின்னாடியே காலியா ஒண்ணு வருதுடா!”

படகு தூரம் போகும்வரை ஸ்டான் இந்தப் பக்கமே பார்த்து நின்றான்.

பில்லிங் தண்ணீரில் நகர்ந்து ஹெர்பர்ட் பக்கத்தில் வந்தார்.

“நெசமாவே வருதா க்ளெக்?”

“ஊர்ல ஒருநாளும் வந்ததில்ல சார்,” என்றான் ஹெர்பர்ட், கோழியை நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு. “வரிசைல நில்லுங்க.”